எழுத்தும் உழைப்பும்: சீன எழுத்துச் சீர்திருத்தத்தின் சமூக வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

எழுத்துச் சீர்திருத்தம் என்னும் விடயம் பெரும்பாலும் மொழியியலாளரின் துறைசார் விவகாரமாகவோ, அன்றேல் மரபு பேணுவோருக்கும் புதுமை வேண்டுவோருக்கும் இடையிலான தகராறாகவோ நோக்கப்பட்டு வந்துள்ளது. சீனத்தின் எழுத்துப் பிரச்சினை பற்றி எழுதியோரிற் பலரும் இவ்வெல்லைகளைத் தாண்டவில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்ச்சியுடைய குறியெழுத்துக்களைக் காப்பதா, களைவதா என்பதே அவர்தம் வினாவாக இருந்தது. அவ்வினாவுக்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய வேறு வினாக்கள் உள. ஓர் எழுத்துமுறையைக் கற்பதற்குச் செலவாகும் காலம் யாருடைய காலம்? அதனை அச்சுக் கோப்பவர், பிரதி செய்பவர், தந்தியில் அனுப்புபவர் யார்? அவ்வுழைப்பின் பயனை ஈட்டிக்கொள்பவர் யார்?

அண்மையில் இவ்வினாக்களை வரலாற்றாய்வின் மையத்துக்குக் கொணர்ந்தோருள் உளுக் குசுவோலு குறிப்பிடத்தக்கவர். 2023 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்த அவரது நூல், சீன எழுத்துச் சீர்திருத்த முயற்சிகளை, செய்தித் தொடர்பின் வேகம் பெருகிய உலகில் மூளை உழைப்பைச் சிக்கனப்படுத்த எழுந்த முயற்சிகளாக விளக்குகின்றது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் தோமஸ் முலேனி சீனத் தட்டெழுத்துப் பொறியின் வரலாற்றை எழுதியிருந்தார். இவ்விருவரும் திறந்துவிட்ட தடத்தைப் பயன்படுத்தி, இப்பிரச்சினையில் இடதுசாரி இயக்கம் எதனைப் பெற்றது, எதனைக் கைவிட்டது என்பதை நாம் நோக்க விரும்புகின்றோம்.

சீனக் குறியெழுத்து ஒவ்வொன்றும் ஓர் அசையையும், பெரும்பாலும் அதனோடிணைந்த ஒரு பொருளையும் சுட்டுவது. 1716 இல் நிறைவெய்திய காங்சி அகராதியில் 47,000 க்கு மேற்பட்ட எழுத்துக்கள் இடம்பெற்றன. அன்றாட வாசிப்புக்குச் சில ஆயிரமே போதுமெனினும், அச்சில ஆயிரத்தைக் கற்பதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்கு நிலம் வேண்டும். அரசாங்கப் பரீட்சைகளின் வாயிலாக அதிகாரத்துக்கு வந்த அறிஞர் குழாத்தின் அடித்தளம் நிலவுடைமையே. எழுத்தின் கடினம் அவர்களுக்கு இடையூறாக இருக்கவில்லை, வேலியாகப் பயன்பட்டது. அப்பரீட்சைகள் 1905 இல் ஒழிக்கப்படும் வரை அவ்வேலி நின்றது. உழவனுக்கு எழுத்துத் தேவைப்பட்டபோது, நில உறுதியோ கடன் பத்திரமோ எதுவாயினும், கூலி கொடுத்து எழுதுவிக்க வேண்டியிருந்தது.

எழுத்து ஒரு 'பிரச்சினை'யாக முதலிற் புலப்பட்டது உழவனுக்கன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. அபினி யுத்தங்களின் பின்னர் சீனத் துறைமுகங்களிற் காலூன்றிய அந்நியருக்கே அது அவ்வாறு தோன்றியது. அமெரிக்கப் பிரெஸ்பிட்டீரியன் மிஷனின் அச்சகத்தைப் பொறுப்பேற்று 1858 இல் நிங்போவுக்கு வந்த வில்லியம் கம்பிள், வேதாகமத்திலும் பிற நூல்களிலும் எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றது என்பதைச் சீன அறிஞரைக் கொண்டு எண்ணுவித்தார். அதிகம் பயன்படும் அச்சுக்கள் கோப்பாளரின் கைக்கு அண்மையிலும், ஏனையவை தொலைவிலும் வைக்கப்பட்டன. அச்சுக் கோப்பாளர் நடந்த தூரத்தைக் குறைப்பதே நோக்கம். சீன எழுத்து முதன்முறையாக ஒரு தொழிற்சாலைக் கண்கொண்டு நோக்கப்பட்ட சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்றாகும்.

தந்தியின் வரலாறு இன்னும் தெளிவானது. 1871 இல் டென்மார்க்கைச் சேர்ந்த பெரும் வடக்குத் தந்திக் கம்பனி ஷாங்காயைக் கடலடிக் கம்பி வழியாக உலகத் தந்தி வலையுடன் இணைத்தது. மோர்ஸ் குறிமுறையோ இலத்தீன் எழுத்துக்களுக்கும் எண்களுக்குமென அமைந்தது. எனவே ஏறத்தாழ 6,800 சீன எழுத்துக்களுக்கு நான்கு இலக்க எண்கள் வழங்கப்பட்டன. டேனிய வானியலாளர் ஷெலரூப் தொடங்கிய இப்பணியைச் சீனச் சுங்கத்துறையிற் கடமையாற்றிய விகியே என்னும் பிரெஞ்சுக்காரர் நிறைவு செய்தார். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துக்கு மோர்ஸ் முறையில் ஒரேயொரு புள்ளி போதும். எண் ஒவ்வொன்றுக்கோ ஐந்து சைகைகள் வேண்டும். ஆகவே ஒரு சீன எழுத்தை அனுப்ப இருபது சைகைகள். இது மட்டுமன்று. எண்களால் ஆன செய்தி என்ற வகையிற் சீனத் தந்தி, சாதாரண மொழிச் செய்திக்குரிய சலுகையை இழந்து இரகசியக் குறிச் செய்திகளின் வரிசையிலே தள்ளப்பட்டது. சீனர் தம் தாய்மொழியில் எழுதும் எதுவும் சர்வதேசக் கட்டண விதிகளின் முன்னே 'மறைமொழி' ஆயிற்று.

இங்கு குறை எங்குள்ளது? மேனாட்டு வணிகரும் மிஷனரிமாரும் எழுத்தில் உள்ளதென்றனர். ஒரு நெடுங்கணக்கை அளவுகோலாக வைத்து ஆக்கப்பட்ட கருவி, அவ்வளவுகோலுக்குள் அடங்காத எழுத்தைக் குறையுள்ளதாகக் காட்டுதல் இயல்பே. ஆனால் அவ்வளவுகோல் கட்டணப் பட்டியலாகவும் மாறும்போது, நாம் பொறியியலை விட்டு ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தினுட் புகுந்துவிடுகின்றோம். இதன் சுமையை நாள்தோறும் தாங்கியவர்கள் தந்தி நிலையங்களில் எழுத்தை எண்ணாகவும் எண்ணை எழுத்தாகவும் மாற்றிக்கொண்டிருந்த எழுதுவினைஞர்களே. ஆயிரக்கணக்கான எண்களை மனனஞ் செய்து குறிநூலைப் புரட்டாமலே வேலை செய்யும் ஆற்றலை அவர்கள் வளர்த்துக்கொண்டனர். எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய நூல்களில் அவர்களுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை.

சீனப் புத்திசீவிகள் இந்த அளவுகோலை விரைவிலேயே தமதாக்கிக்கொண்டனர். மிஷனரிமார் பரப்பிய உரோம எழுத்து வழக்கிலிருந்த ஷியாமென் பகுதியைச் சேர்ந்த லூ சுவாங்சாங், 1892 இல் அப்பகுதிப் பேச்சை எழுதுதற்கென ஓர் ஒலியெழுத்து முறையை வெளியிட்டார். எழுத்தைக் கற்பதற்கு வீணாகும் பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் செலவிடலாம் என்பது அவர் வாதம். கால மிச்சம், வினைத்திறன், தேசத்தின் செல்வம் ஆகிய மூன்றும் அன்றுமுதல் இணைந்தே வந்தன. 1918 இல் சியன் சுவான்தொங் ஒருபடி மேலே சென்றார். கொன்பூசியக் கோட்பாட்டை ஒழிக்க வேண்டுமாயின் முதலிற் குறியெழுத்துக்களை ஒழித்தாக வேண்டும் என்று 'புதிய இளைஞர்' சஞ்சிகையில் எழுதினார். எழுத்தே சித்தாந்தம் என்னும் இம்முடிவு மே நான்கு இயக்கத்தின் உணர்ச்சி வேகத்தைக் காட்டுகின்றதேயன்றி அதன் ஆய்வுத் திறனைக் காட்டுவதாக நாம் கருதவில்லை. அதே எழுத்திலேதான் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை 1920 இல் முழுமையாக வெளிவந்தது.

இதே காலப்பகுதியில் வேறொரு போக்கும் வளர்ந்தது. முதலாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியாவும் பிரான்சும் ஏறத்தாழ 140,000 சீனத் தொழிலாளரை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றன. அவர்களுக்காகக் கடிதம் எழுதிக்கொடுக்கச் சென்ற யென் யாங்சு, கடிதம் எழுதிக் கொடுப்பதைவிட எழுதக் கற்பிப்பதே மேலெனக் கண்டு, பின்னர் தாயகத்தில் ஆயிரம் எழுத்துப் பாடநூல்களைக் கொண்டு வெகுசனக் கல்வி இயக்கத்தைத் தொடங்கினார். எந்த ஆயிரம் என்ற வினாவுக்கு விடையாகப் புள்ளிவிபரம் வந்தது. கல்வியியலாளர் சென் ஹெசின் 554,478 எழுத்துக்கள் அடங்கிய நூற்பகுதிகளை ஆராய்ந்து அவற்றில் வேறுபட்ட எழுத்துக்கள் 4,261 மட்டுமே எனக் கண்டு, 1928 இல் அதனை நூலாக்கினார். கம்பிள் அச்சுக்கூடத்திற் செய்ததை இவர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். தொழிலாளரின் உடலசைவுகளை அளந்த அமெரிக்க முகாமைக் கோட்பாட்டின் நிழல் இம்முயற்சிகளில் இருப்பதைக் குசுவோலுவின் நூலுடன் சேர்த்து வாசிக்கும்போது மறுத்தல் கடினம். ஆயினும் ஒரே கணக்கு முதலாளிக்கு ஒருவிதமாகவும் எழுத்தறிவு வேண்டி நிற்கும் கூலியாளுக்கு வேறுவிதமாகவும் பயன்படும் என்பதையும் மறந்துவிடலாகாது.

இனி இடதுசாரிகளிடம் வருவோம். 1927-28 இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை ஏற்றிருந்தவரும் இலக்கிய விமர்சகருமான சூ சியூபை இவ்விடயத்தில் முதன்மையானவர். மொஸ்கோவில் வாழ்ந்த காலத்தில், சோவியத் சீனவியலாளரான கொலொகோலோவின் துணையுடன் 1929 இல் ஓர் இலத்தீன் எழுத்து முறையை அவர் வகுத்தார். அதன் பின்னணி சீனம் மட்டுமன்று. 1926 இல் பாக்கு நகரிற் கூடிய துருக்கியியல் மாநாட்டின் பின்னர் சோவியத் ஒன்றியத்தின் கீழைத்தேய மக்கள் பலர் அரபு எழுத்திலிருந்து இலத்தீனுக்கு மாறிக்கொண்டிருந்தனர். 1928 இல் துருக்கியும் மாறியது. சோவியத் தூரகிழக்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் சீனத் தொழிலாளர் இருந்தனர். 1931 செப்டெம்பரில் விளாடிவொஸ்தொக்கிற் கூடிய மாநாடு அவர்களுக்கென இலத்தீனாக்கப்பட்ட புதிய எழுத்தை ஏற்றுக்கொண்டது.

இம்மாநாட்டின் தீர்மானங்களில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது இலத்தீன் எழுத்தையன்று. 'தேசிய மொழி' என்ற பெயரில் ஒரேயொரு ஒலிப்பைச் சீனம் முழுவதற்கும் விதிப்பதை அது எதிர்த்தது. வடக்கிற்கு ஒரு முறை, ஷாங்காய் வட்டாரத்துக்கு ஒரு முறை, குவாங்துங்குக்கு ஒரு முறை என்றவாறு பெரும் கிளைமொழிப் பிரதேசம் ஒவ்வொன்றும் தன் பேச்சைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்பது அதன் கொள்கை. பின்வந்த ஆண்டுகளில் பதின்மூன்று வட்டாரங்களுக்கு இத்தகைய திட்டங்கள் வகுக்கப்பட்டன. 1928 இல் குவோமின்டாங் அரசாங்கம் ஏற்ற உரோம எழுத்துமுறை பீக்கிங் ஒலிப்பையும் அதன் தொனி வேறுபாடுகளையும் எழுத்துக்கூட்டலிலேயே நுணுக்கமாகப் பதிவு செய்தது. அறிஞர் வியக்கும் அமைப்பு அது. தொழிலாளி கற்கும் அமைப்பன்று. புதிய எழுத்தோ தொனிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. சூ சியூபை மே நான்கு எழுத்தாளரின் வழக்குமொழியையே ஒரு புதிய பண்டித மொழியென்றும், பழையதுமன்றிப் புதியதுமன்றி இரண்டுங்கெட்டான் நிலையில் உள்ளதென்றும் சாடினார். பெருநகர்த் தொழிற்சாலைகளில் வெவ்வேறு மாகாணத்தவர் கலந்து பழகுவதால் தொழிலாள வர்க்கத்துக்கே உரிய ஒரு பொதுப்பேச்சு கீழிருந்து உருவாகி வருகின்றது என்பது அவரது நம்பிக்கை. 1932 இல் மாஓ துன் இதனை மறுத்தார். ஷாங்காய்த் தொழிலாளரிடையே அத்தகைய பொதுப்பேச்சு எதுவும் இல்லை, அவர்கள் உள்ளூர்ப் பேச்சையே பேசுகின்றனர் என்றார். உண்மை விபரத்தில் மாஓ துன்னின் பக்கமே வலுவானதெனக் கொள்ளலாம். ஆனால் மொழி வரலாற்றைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்ற வினாவை எழுப்பியவர் சூ சியூபையே. 1935 ஜூனில் அவர் குவோமின்டாங் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

லூ சுன் இவ்வியக்கத்துக்குத் தமது எழுத்தின் முழு வலிமையையும் வழங்கினார். உழைக்கும் மக்களின் உடலிற் பற்றிய காசநோயாகவே அவர் குறியெழுத்துக்களைக் கண்டார். மருத்துவம் பயின்ற அவர், அந்நோயினாலேயே 1936 இல் இறந்தார். புதிய எழுத்தை ஆதரித்து 1935 இறுதியில் வெளியிடப்பட்ட அறிக்கையிற் கைச்சாத்திட்ட 688 பேருள் அவரும் ஒருவர்.

யெனான் காலத்திற் புதிய எழுத்து உண்மைச் சோதனைக்கு உட்பட்டது. எல்லைப் பிரதேச அரசாங்கம் 1941 தொடக்கம் அதற்குக் குறியெழுத்துக்களுடன் சமமான சட்ட அந்தஸ்தை வழங்கியது. குளிர்காலப் பள்ளிகளில் உழவர் அதனைக் கற்றனர். 1943 அளவில் அம்முயற்சி கைவிடப்பட்டது. யுத்தமும் ஆசிரியர் பற்றாக்குறையும் காரணங்களாயின. ஆயினும் வேறொன்றும் இருந்தது: கற்ற எழுத்தைக் கொண்டு வாசிப்பதற்கு உழவனிடம் என்ன இருந்தது? நில உறுதியும், கணக்கேடும், சந்தை அறிவித்தலும், கட்சிச் செய்தித்தாளும் பெரும்பாலும் குறியெழுத்திலேயே இருந்தன. ஒரு நெடுங்கணக்கைச் சில கிழமைகளிற் கற்பிக்கலாம். சமூகத்தின் ஆவணங்களையும் அதிகாரத்தையும் அவ்வெழுத்துக்கு மாற்றுவது வேறு விடயம். எழுத்தை எளிதாக்கினால் அறிவு தானாகவே மக்களிடம் சென்றுவிடும் என்று எண்ணியோர் இவ்விடத்திற் பொருண்மை நிலைமைகளைக் குறைத்து மதிப்பிட்டனர் என்றே கூறவேண்டும்.

1949 இன் பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை, சுருக்கமாகவே கூறுவோம். 1956 ஜனவரியில் 515 எழுத்துக்களையும் 54 எழுத்துறுப்புக்களையும் எளிதாக்கும் திட்டம் வெளியாயிற்று. 1958 பெப்ரவரியில் தேசிய மக்கள் பேரவை 'பின்யின்' என்னும் இலத்தீன் ஒலிக்குறிப்பு முறையை ஏற்றது. அதற்கு முந்திய மாதம் உரையாற்றிய சூ என் லாய், பின்யின் குறியெழுத்துக்களின் இடத்தைப் பிடிப்பதற்கானதன்று, ஒலிப்பைக் கற்பிப்பதற்கானது என்று தெளிவுபடுத்தினார். 1977 இல் முன்வைக்கப்பட்ட இரண்டாவது எளிதாக்கல் திட்டம் 1986 இல் மீளப்பெறப்பட்டது. சீர்திருத்தத்தை விமர்சித்தோர் அனைவரும் பிற்போக்காளர் என்று முத்திரை குத்தப்பட்டமை இவ்வரலாற்றின் கறையாகும். தொல்லெழுத்து ஆய்வாளர் சென் மெங்ஜியா எளிதாக்கலுக்கு மாற்றுக் கருத்துக் கூறி, 1957 இல் வலதுசாரியாக அறிவிக்கப்பட்டார். 1966 இல் தற்கொலை செய்துகொண்டார். விஞ்ஞான பூர்வமான விவாதத்துக்கு உரிய ஒரு விடயம் விசுவாசப் பரீட்சையாக மாற்றப்பட்டபோது, இழப்பு சென் மெங்ஜியாவுடன் முடிந்துவிடவில்லை.

எழுத்தறிவைப் பொறுத்தவரை சாதனை மகத்தானது. 1949 இல் மக்களில் ஐந்தில் நால்வர் எழுத்தறியாதோர். 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அவ்வீதம் 2.67. இதனை எளிதாக்கலின் வெற்றியாகக் காட்டுவோர், பழைய வடிவங்களையே பேணிய தைவானிலும் ஹொங்கொங்கிலும் எழுத்தறிவு ஏறத்தாழ முழுமை பெற்றிருப்பதை விளக்க வேண்டியவராவர். பாடசாலையும் ஆசிரியரும் கற்பதற்கான நேரமும் யாருக்குக் கிடைத்தன என்பதே இங்கு தீர்க்கமான காரணி.

இக்காலத்திற் பொறிகளின் வரலாறு எதிர்பாராத திசையிற் சென்றது. சீனத் தட்டெழுத்துப் பொறியில் விசைகள் இல்லை. ஏறத்தாழ 2,500 ஈய எழுத்துக்கள் அடுக்கப்பட்ட ஒரு தட்டு இருந்தது. தட்டெழுத்தாளர் ஒவ்வோர் எழுத்தையும் தேடி எடுத்து அடிக்கவேண்டும். அறிஞர் லின் யூதாங் தமது செல்வத்தையெல்லாம் செலவிட்டு 1947 இல் 72 விசைகள் கொண்ட அற்புதமான பொறியொன்றை அறிமுகப்படுத்தினார். அது சந்தைக்கு வரவேயில்லை. காணாமற்போயிருந்த அதன் முன்மாதிரி 2025 இலேயே மீளக் கண்டெடுக்கப்பட்டது. மேதையின் பொறி அவ்வாறாக, மாற்றம் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. 1951 இல் கைபெங் நகர அச்சுக் கோப்பாளர் சாங் ஜீயிங், அச்சுக்களை அகராதி ஒழுங்கில் வைக்கும் மரபை மீறி, செய்திகளிற் சேர்ந்து வரும் எழுத்துக்களை அருகருகே வைத்து வேகத்திற் சாதனை படைத்தார். 'விடுதலை', 'புரட்சி', 'அமெரிக்க ஏகாதிபத்தியம்' ஆகிய தொடர்களின் எழுத்துக்கள் ஒன்றுக்கொன்று அயலாயின. தட்டெழுத்தாளரும் தம் தட்டுக்களை இவ்வாறே மாற்றி அடுக்கினர். மாஓ என்னும் எழுத்தைச் சுற்றி 'சேதுங்', 'தலைவர்' என்பவற்றின் எழுத்துக்கள் அணிவகுத்தன. அடுத்து வரக்கூடிய சொல்லை முன்கூட்டியே அண்மையில் வைக்கும் இவ்வுத்தியே இன்று கைத்தொலைபேசிகள் செய்வது என முலேனி எடுத்துக்காட்டுகின்றார். இதனைக் கண்டுபிடித்தவர்கள் ஆய்வுகூட விஞ்ஞானிகளல்லர். கைவலி தெரிந்த தொழிலாளர். அரசியற் சுலோகங்கள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டமையே அவ்வுத்தி சாத்தியமானதற்குக் காரணம் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பேச்சு வார்ப்புருவாக மாறிய அளவுக்குத் தட்டெழுத்து வேகம் பெற்றது.

கணனியின் வருகையும் இத்தகையதே. 1968 இல் தடுத்து வைக்கப்பட்ட பொறியியலாளர் ஜீ பிங்யி, காகிதம் இல்லாத நிலையில், தேநீர்க் கோப்பையின் மூடியில் எழுதியும் அழித்தும் குறியெழுத்துக்களை இலத்தீன் எழுத்துக்களாற் குறிக்கும் முறையொன்றை உருவாக்கினார். 1978 ஜூலையில் ஷாங்காயின் வென்ஹுய் நாளிதழ் அதனை வெளியிட்டது. 1980 இல் 6,763 எழுத்துக்களுக்குத் தேசிய நியமம் வகுக்கப்பட்டது. பீக்கிங் பல்கலைக்கழகத்தில் வாங் சுவான் தலைமையில் உருவான ஒளியச்சுக் கோப்பு முறை ஈய அச்சுக்களை அகற்றியது. குறியெழுத்துக்கள் பொறியால் அழியும் என்ற நூற்றாண்டுக் கால ஆரூடம் பொய்த்தது. இதனைக் கொண்டு, எழுத்து ஒருபோதும் சுமையாக இருந்ததில்லை என்றும், சீர்திருத்தவாதிகள் மேனாட்டு மயக்கத்திற்கு ஆளானவர்கள் என்றும் கூறும் புதிய தேசியவாதக் குரல்கள் எழுந்துள்ளன. இது வரலாற்றைத் தலைகீழாக்குவது. நான்கு எண்களை மனனஞ் செய்த எழுதுவினைஞனுக்கும், கடன் பத்திரத்தை வாசிக்க முடியாத உழவனுக்கும் சுமை மெய்யாகவே இருந்தது. அதனைத் தீர்க்க முனைந்தோரின் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

கைவிடப்பட்டது எது என்ற வினா எஞ்சுகின்றது. இலத்தீன் எழுத்துக் கைவிடப்பட்டது என்று பொதுவாகக் கூறுவர். அது உண்மையிற் கைவிடப்படவில்லை. ஒவ்வொரு விசைப்பலகையிலும் உள்ளது. பின்யினை விசைப்பலகையிலே தட்டிக் குறியெழுத்தைப் பெறுவதே இன்று சீனத்திற் பெரும்பாலோரின் எழுதும் முறை. கைவிடப்பட்டது 1931 இன் மற்றைய கொள்கை, அதாவது வட்டாரப் பேச்சுக்களின் எழுத்துரிமை. 1956 பெப்ரவரியில் அரசவை வெளியிட்ட பணிப்புரை, பீக்கிங் ஒலிப்பை நியமமாகக் கொண்ட பொதுமொழியை நாடெங்கும் பரப்ப விதித்தது. 1982 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 19ஆம் உறுப்புரை அதனை அரசின் கடமையாக்கியது. இப்பொதுமொழியைக் குறிக்கும் 'புதுங்ஹுவா' என்ற சொல்லையே, தொழிற்சாலைகளிற் கீழிருந்து எழும் என்று எதிர்பார்த்த பேச்சுக்குச் சூ சியூபை வழங்கியிருந்தார். சொல் நிலைத்தது, அதன் திசை மாறியது. சிங்ஜியாங்கில் உய்குர், கசாக் மொழிகளுக்குப் பின்யினைத் தழுவிய இலத்தீன் எழுத்து 1960 களிற் புகுத்தப்பட்டு, 1982 இல் அரபு எழுத்து மீண்டும் வழங்கப்பட்டபோது, ஒரு தலைமுறையினர் தம் பெற்றோரின் எழுத்தையும் பிள்ளைகளின் எழுத்தையும் வாசிக்க இயலாதவராயிருந்தனர்.

பரந்த ஒரு நாட்டில் ஒரு பொதுமொழி தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. கைத்தொழில்மயமாக்கலும் திட்டமிட்ட பொருளாதாரமும் அதனை வேண்டி நின்றன. ஆயினும் அது எவ்வழியால் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1930 களிற் புதிய எழுத்தின் ஷாங்காய்த் திட்டத்தைக் கற்ற ஆலைத் தொழிலாளி, தாம் பேசியவாறே எழுதினார். இன்று அதே நகரத்தில் பின்யின் வழியாக எழுத விரும்புபவர் முதலிற் பீக்கிங் ஒலிப்பை அறிந்திருத்தல் வேண்டும். வீட்டிற் பேசும் சொல்லை மனத்துள் அவ்வொலிப்புக்கு மாற்றி, அதனை இலத்தீன் எழுத்திலே தட்டி, திரையிற் தோன்றும் எழுத்துக்களிலிருந்து உரியதைத் தெரிவு செய்கின்றார். தந்தி நிலைய எழுதுவினைஞர் கூலிக்குச் செய்த பெயர்ப்பு வேலையை, ஒலிக்கும் எழுத்துக்கும் இடையில், அவர் இப்போது தாமே செய்கின்றார்.